மதுரையில் 18,000, சென்னையில் 28,000: எடிட்டர் கிளம்பலாமா?

கேள்வி, 8 ஜூன் 2025

அண்ணா, எனக்கு 24 வயசு. மதுரை திருநகரில் வீடு. ஒரு கல்யாண ஸ்டுடியோவில் மூன்று வருஷமாக எடிட்டிங் பார்க்கிறேன். 18,000 சம்பளம், அதில் 8,000 வீட்டுக்குக் கொடுக்கிறேன். சென்னையில் ஒரு டிவி சேனலில் டெஸ்ட் கட் கொடுத்துப் பாஸ் ஆகிவிட்டேன். 28,000 என்கிறார்கள். 10,000 அதிகம்தானே? போகலாமா?

8 ஜூன், இரவு 11.40

போகாதீர்கள் தம்பி. இந்தத் தொகைக்கு வேண்டாம்.

நான் 12 வருஷமாகச் சென்னை சாலிகிராமத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். சினிமா, சீரியல், யூடியூப், கல்யாணம் என்று எல்லாம் கட் செய்தாயிற்று. 10,000 அதிகம் என்கிறீர்கள். திருநகரில் அம்மா போடுகிற சோறும், வாடகை இல்லாத வீடும் உங்கள் கணக்கில் வரவே இல்லை.

சாலிகிராமத்தில் ஒரு பெட்ரூம் வீடு 12,000. இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால் உங்கள் பங்கு 6,000. கரண்டும் தண்ணி கேனும் 1,200. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் டீ, 8,000க்குக் குறையாது. போக்குவரத்து 1,500. போன், நெட் 600. மாசம் ஒரு தடவை மதுரைக்குப் போய் வர 1,200. சோப்பு, முடிவெட்டு, காய்ச்சல் வந்தால் மாத்திரை, நண்பன் தங்கை கல்யாண மொய் எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 20,000.

மதுரையில் வீட்டுக்கு 8,000, பெட்ரோலுக்கு 2,000, கைச்செலவு 2,000 போனாலும் 6,000 மிஞ்சும்.

9 ஜூன், காலை

முக்கியமானதைக் கேட்காமல் தூங்கிவிட்டேன். 28,000 கைக்கு வருவதா, சிடிசியா, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்கிற மொத்தச் செலவா? ஆபர் லெட்டரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

சிடிசி என்று எழுதியிருக்கிறீர்கள். நினைத்தேன்.

அப்படியென்றால் பிஎஃப்பில் உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800, இரண்டும் அந்த 28,000க்குள்தான் இருக்கும். மீதி 24,400. சென்னை மாநகராட்சிக்குத் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, அதாவது மாசம் 200 சொச்சம். கைக்கு வருவது 24,200.

24,200இல் 20,000 போனால் 4,200. வீட்டுக்கு அதே 8,000 அனுப்பினால் ஒவ்வொரு மாசமும் 3,800 கடன் வாங்க வேண்டும். அதிகம் என்று நீங்கள் நினைத்த 10,000 இப்படித்தான் காணாமல் போகிறது. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறேன்.

12 ஜூன்

இதைப் படித்துவிட்டுப் போரூரிலிருந்து ஒருவர் என் வாடகைக் கணக்கைத் திருத்தியிருக்கிறார். பேச்சிலர்கள் மூன்று பேராக எடுத்தால் ஆளுக்கு 4,500இல் முடியும் என்கிறார். சரிதான். நான் கல்யாணம் ஆனவன், பேச்சிலர் ரூம் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது. திருத்திக்கொள்கிறேன்: வாடகை 4,500, மொத்தச் செலவு 18,500.

ஆனால் மூன்று பேரில் ஒருவர் காலை ஷிப்ட், ஒருவர் நைட் ஷிப்ட் என்றால் அந்த ரூமில் லைட் அணையவே அணையாது. எடிட்டருக்குத் தூக்கம் போனால் கண் போகும், கண் போனால் காது மட்டும் வைத்துக்கொண்டு கட் செய்ய முடியாது. அதையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் அட்வான்ஸ். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இங்கே ஐந்து மாசம், ஆறு மாசம் என்று கேட்கிறார்கள், பத்து மாசம் கேட்பவர்களும் உண்டு. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சட்டத்தைச் சொன்னால் 'வேற வீடு பாருங்க' என்பார்கள். பேச்சிலர், அதிலும் சினிமாக்காரன் என்றால் கதவே திறக்காது. நீங்கள் சேனல் ஐடி கார்டைக் காட்டலாம், அது ஒரு பலம்.

கரண்டுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. ஓனர் இணைப்பிலிருந்து பிரித்துச் சப் மீட்டர் வைத்த வீட்டில் அந்த 100 யூனிட் உங்களுக்கு வராது, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று முதல் யூனிட்டிலிருந்தே எழுதுவார்கள். கம்ப்யூட்டரை ராத்திரி ரெண்டரில் போட்டுவிட்டுத் தூங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய தொகை. வீடு பார்க்கும்போது மீட்டர் தனியா என்று முதலில் கேளுங்கள், ஜன்னலை அப்புறம் பார்க்கலாம்.

22 ஜூன்

'அண்ணா, நீங்கள் எப்படி வந்தீர்கள்' என்று கேட்டதற்குப் பதில். நீளமாகத்தான் இருக்கும்.

2013 ஜூனில் வந்தேன். ஒரு படத்துக்கு அசிஸ்டென்ட் எடிட்டர். நாளைக்கு 150 ரூபாய் பேட்டா, வேலை இருக்கிற நாளுக்கு மட்டும். ரூம் இல்லை, எடிட் சூட்டிலேயே, அதாவது எடிட்டிங் அறையிலேயே படுப்பேன். மிஷினுக்காக ஏசி 18இலேயே ஓடும். ஜன்னலில் வெளிச்சம் வராமல் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணியைக் கழற்றிப் போர்த்திக்கொள்வேன். காலையில் எடிட்டர் வருவதற்குள் மறுபடி மாட்டிவிட வேண்டும். அதில் ஒரு பக்க வளையம் ஒன்று அறுந்து போயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் வெயில் ஒரு காசு அளவுக்கு உள்ளே வந்து விழும், அது மானிட்டரின் மூலைக்கு வந்தால் மணி எட்டு.

அந்த வருஷம்தான் அம்மா உணவகம் தொடங்கியிருந்தார்கள். இட்லி ஒரு ரூபாய், மத்தியானம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ஒரு நாளை 20 ரூபாய்க்குள் ஓட்டியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் மூன்றாவது மாசமே தேனிக்குப் பஸ் ஏறியிருப்பேன். இதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

வேலை என்ன என்று கேட்டால், ரஷ், அதாவது ஷூட்டிங்கில் எடுத்த வெட்டாத காட்சிகளைக் காப்பி பண்ணுவது, சவுண்டோடு பொருத்திச் சிங்க் போடுவது, ஒவ்வொரு டேக்கையும் ஸ்கிரிப்ட் வரிசையில் அடுக்குவது. கிளாப் அடிக்க மறந்த ஷாட் வந்தால் நடிகரின் உதட்டைப் பார்த்து 'ப', 'ம' எழுத்து எங்கே மூடுகிறது என்று தேடி ஒட்ட வேண்டும். அந்த எட்டு மாசத்தில் கற்றது இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதற்கு 150 ரூபாய் போதும் என்று முடிவு செய்தவர்களை இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

23 ஜூன்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், கஷ்டப்பட்டால்தான் மேலே வரலாம், மேலே இருக்கிற எடிட்டர்கள் வாங்குவதைப் பாருங்கள் என்கிறார். பல மொழிப் படங்களுக்குத் தேசிய விருது வாங்கிய எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத் மாதிரி கை எத்தனை பேருக்கு இருக்கும்? உச்சத்தில் இருக்கிற பத்துப் பேரின் சம்பளத்தைக் காட்டி, கீழே இருக்கிற ஆயிரம் பேருக்கு 150 கொடுப்பது நியாயம் இல்லை. பசியோடு உட்கார்ந்தவன் நல்லா கட் பண்ணுவான் என்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பசியில் அவசரமாக இதுதான் கடைசி கட் என்று லாக் பண்ணிவிட்டு எழுந்து போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

6 ஜூலை

தம்பி தனியாக ஒன்று கேட்டிருந்தார்: சேனல் வேண்டாம் என்றால், நேரே சினிமாவுக்குள் வரலாமா?

என் முதல் படத்தின் கணக்கைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். 2018. பேக்கேஜ் 3,00,000. நான்கு தவணை, தவணைக்கு 75,000. அட்வான்ஸ் ஒன்று, ஷூட்டிங் முடிந்ததும் ஒன்று, டப்பிங்குக்கு முன் ஒன்று, டெலிவரிக்கு முன் ஒன்று. மூன்று வந்தன. 14 மாசம் வேலை பார்த்தேன். 2,25,000ஐ 14ஆல் வகுத்தால் மாசம் 16,000. அதில்தான் அசிஸ்டென்ட்டுக்கும் கொடுத்தேன். நீங்கள் மதுரையில் கல்யாண வீடியோவுக்கு வாங்குவதை விடக் குறைவு.

நாலாவது தவணை எப்படிப் போனது என்றால், ரிலீஸுக்கு ஒன்பது நாள் முன்பு, ராத்திரி இரண்டரை மணி. ஹார்ட் டிஸ்க்கில் வெள்ளை டேப் ஒட்டி, படத்தின் பெயரும் 'ஃபைனல் 7' என்றும் மார்க்கரில் எழுதி வைத்திருந்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வாசலில் நின்றார். 'செக் நாளைக்கு, டிஸ்க் இன்னிக்கு' என்றார். என் குருநாதர் சொல்லியிருந்தார், கடைசித் தவணை வராமல் டிஸ்க்கைக் கையை விட்டு விடாதே, அதற்கப்புறம் உன்னிடம் ஒன்றும் இல்லை என்று. எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் மேனேஜருக்குப் பின்னால் டைரக்டர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் படத்துக்காகத் தன் அக்கா நகையை அடகு வைத்தவர். அவர் ஒன்றும் பேசவில்லை, டிஸ்க்கைப் பார்க்கவும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

படம் வெளிவந்து ஐந்து நாள் ஓடியது. செக் வரவில்லை. இரண்டு மாசம் கழித்து அந்த ஆபீஸில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் போர்டு தொங்கியது.

7 ஜூலை

'யூனியனில் புகார் கொடுக்கவில்லையா?' அப்போது நான் உறுப்பினர் இல்லை. எடிட்டர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அது பெப்சி என்கிற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருக்கிறது. உறுப்பினர் கார்டு இருந்தால் பாக்கியைப் பற்றிச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது. கார்டு எடுக்கப் பணம் வேண்டும், அந்தப் பணம் வர வேண்டிய தவணைதான் எனக்கு வராத தவணை. இப்போது எடுத்துவிட்டேன்.

7 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

டைரக்டர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. போன தீபாவளிக்குக்கூடப் பேசினார். நகை இன்னும் மீளவில்லை.

13 ஜூலை

ஏன் எல்லாரும் சாலிகிராமத்திலேயே வாடகை கொடுத்துக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று கோவையிலிருந்து ஒரு கேள்வி.

பிலிம் காலத்தில் காரணம் இருந்தது. ஏவிஎம், வாஹினி, பிரசாத், பரணி என்று ஸ்டுடியோவும் லேபும் வடபழனியைச் சுற்றித்தான். ஒரு மூத்த எடிட்டர் சொல்வார்: அசிஸ்டென்ட் வெள்ளைக் கையுறை போட்டு, பாசிட்டிவ் பிலிமில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டிய துண்டுகளைக் கொக்கியில் தொங்கவிட்டு, ராத்திரியே லேபுக்குச் சுமந்துகொண்டு போக வேண்டும். நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தாக வேண்டும்.

இப்போது ரஷ் ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது, ரஃப் கட் லிங்க்கில் போகிறது. ஆவடியிலோ குன்றத்தூரிலோ உட்கார்ந்து செய்யலாம்தான். ஆனால் டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த இடத்துல ரெண்டு ஃப்ரேம் விடுங்க' என்று சொல்ல விரும்புகிறார். நள்ளிரவில் போன் செய்து வரலாமா என்பார். வேலை தருகிறவர் நடந்து வருகிற தூரத்தில் நாம் இருக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் அந்த வாடகை. ஆற்காடு சாலையில் பூந்தமல்லி மெட்ரோ என்றால் இங்கே வாடகை இன்னும் ஏறும் என்று எங்கள் ஓனர் பேச ஆரம்பித்துவிட்டார்.

சேனல் வேலைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. தம்பியின் சேனல் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம், வடபழனியிலிருந்து மெட்ரோவில் இரண்டே ஸ்டேஷன். மெட்ரோ பிடிக்க வசதியான எந்த ஏரியாவிலும் அவர் இருக்கலாம். முதல் நாள் நான் சாலிகிராமத்தையே வைத்துக் கணக்குப் போட்டது என் பழக்கத்தால்.

19 ஜூலை

ஆடி பிறந்து மூன்று நாள். தம்பி இப்போதுதான் சொல்கிறார்: ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் ஸ்டுடியோவில் பாதிச் சம்பளமாம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் தம்பி!

என் கணக்கு முழுவதும் மாறுகிறது. வருஷத்தில் 18,000 குறைகிறது. சராசரி மாசத்துக்கு 16,500. செலவு 12,000 போக 4,500 தான் மிச்சம். வீட்டுக்கு 8,000 அனுப்பினால் சென்னையில் மாசம் 3,800 கடன் என்று நான் பயமுறுத்தியதும் பழைய வாடகைக் கணக்கு, புது வாடகையில் அது 2,300 தான்.

மணிக்கணக்கையும் கேட்டு வாங்கினேன். ஸ்டுடியோவில் சராசரி 11 மணி நேரம், மாசம் 26 நாள், 286 மணி. 16,500ஐ வகுத்தால் மணிக்கு 58 ரூபாய். சேனலில் 9 மணி நேர ஷிப்ட், 234 மணி, மணிக்கு 103 ரூபாய். இதை நான் ஜூன் 8ஆம் தேதியே போட்டிருக்க வேண்டும்.

பிஎஃப்பையும் நான் வெறும் பிடித்தமாக எழுதிவிட்டேன். உங்கள் 1,800 உங்களுடையது. கம்பெனி பங்கில் 550 பிஎஃப்பில் சேரும், 1,250 பென்ஷனுக்குப் போகும். 12 வருஷத்தில் எனக்கு ஒரு ரூபாய் பிஎஃப் கிடையாது. என் வயசில் சேனலில் சேர்ந்த ஒரு நண்பர் போன வருஷம் பிஎஃப்பில் எடுத்துத்தான் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தார்.

20 ஜூலை

ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் ஏன் முதலில் அவ்வளவு வேகமாக வேண்டாம் என்றேன்? சினிமாக்காரர்களுக்குச் சேனல் எடிட்டிங் என்றால் ஒரு இளக்காரம் உண்டு, நியூஸ் ஒட்டுகிற வேலை என்று. அது எனக்குள்ளும் இருந்திருக்கிறது. அதே சமயம் எனக்கு மாசம் பிறந்தால் சம்பளம் என்பது எப்படி இருக்கும் என்றே தெரியாது. பாலுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் தவணையில் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். முதல் தேதி தவறாமல் 24,200 வருவதும், வருமோ வராதோ என்று 75,000க்குக் காத்திருப்பதும் ஒன்று அல்ல.

போகலாம் தம்பி. ஆனால் 28,000க்கு அப்படியே தலையாட்டாதீர்கள். பேசுங்கள்.

27 ஜூலை

ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு மட்டும். பணம் கொடுக்கும்போதே வருமான வரிக்காக டிடிஎஸ் என்று 10 சதவீதம் பிடிக்கிறார்கள் அல்லவா, அதைத் திரும்ப வாங்குகிறீர்களா? அந்த 2018 படத்தில் 2,25,000க்கு 22,500 பிடித்தார்கள். அது வரி கட்டின கணக்கு, நான் ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டபோது கெடு எப்போதோ முடிந்திருந்தது.

சினிமாவில் வேலை பார்க்கும் எடிட்டர், வருமான வரிச் சட்டத்தின் கணக்கில் திரைப்படக் கலைஞர். 44ஏடிஏ பிரிவில், வந்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்டலாம், செலவு பில்லெல்லாம் சேர்க்க வேண்டியதில்லை. ஐடிஆர் 4 படிவம். 2025இல் இதற்குச் செப்டம்பர் 15 வரை நேரம் கொடுத்தார்கள். 26ஏஎஸ் என்கிற வரிக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள், உங்கள் பெயரில் யார் யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்கள் யார் என்பதையும் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

3 ஆகஸ்ட்

மதுரையிலேயே உட்கார்ந்து வெளிநாட்டு யூடியூபர்களுக்கு எடிட் செய்யலாமே என்று இரண்டு பேர். செய்திருக்கிறேன். லண்டனில் இருக்கிற ஒரு தமிழ் அக்காவின் சமையல் சேனல். வீடியோவுக்கு 40 பவுண்டு, வாரம் இரண்டு. மாசம் 32,000 போல வந்தது, சொன்ன தேதிக்கு வந்தது. தாளிக்கிற சத்தத்தை மியூசிக்கில் மூழ்கடிக்காதீங்க தம்பி என்று எழுதுவார், நல்ல ரசனை. எட்டாவது மாசம் அவருக்கு வேலை மாறி, சேனலை நிறுத்திவிட்டார். அடுத்த நாளிலிருந்து எனக்கு வருமானம் பூஜ்யம். ஒரே ஆளை நம்பாமல் மூன்று பேராவது இருந்தால் அது நல்ல வழி. அதுவரை மாசச் சம்பளம் இருப்பது நல்லது.

ஒரு செலவுக் குறிப்பு: டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பே பெரும்பாலான வேலைக்குப் போதும். ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒரே தடவை. மாசாமாசம் சந்தா கட்டுகிற சாஃப்ட்வேர் இன்னொரு வாடகை மாதிரி.

17 ஆகஸ்ட், ஆவணி 1

தம்பி அனுமதியோடு எழுதுகிறேன். ஆடியில் புது வேலை வேண்டாம் என்று அம்மா சொன்னதால், ஆவணியில் சேருகிறேன் என்று சேனலில் கேட்டிருக்கிறார், ஒத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் சம்பளமும் பேசிவிட்டார். சிடிசி 30,500. பிஎஃப்பும் தொழில் வரியும் போகக் கைக்கு 26,700. நைட் ஷிப்ட்டில் வீட்டுக்கு வண்டி உண்டு என்று லெட்டரிலேயே எழுதி வாங்கிவிட்டார். அப்பா, ஒரு வாய் குறைகிறது, 4,000 அனுப்பினால் போதும் என்றாராம்.

அசோக் நகரில் மூன்று பேர் ரூம், பங்கு 4,500. காலி செய்து போகிறவருக்கு அவர் பங்கு அட்வான்ஸ் 22,500 கொடுக்க வேண்டும். செலவு 18,500, வீட்டுக்கு 4,000, மிச்சம் 4,200. ஜூன் 9ஆம் தேதி நான் எழுதிய அதே 4,200, ஆனால் இந்தத் தடவை வீட்டுக்கு அனுப்பியது போக.

நாளை திங்கட்கிழமை சேருகிறார்.

21 செப்டம்பர்

நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா கொடுத்துவிட்ட அதிரசத்தை டிபன் பாக்ஸில் கொண்டு வந்தார். முதல் சம்பளம் 1ஆம் தேதி காலை 10.20க்கு வந்ததாம், மெசேஜைக் காட்டினார். என் மனைவி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

ரூமில் ஈபிக்கு யூனிட் 9 ரூபாய் போடுகிறார்களாம். மீட்டர் தனியா என்று கேட்க மறந்துவிட்டேன் அண்ணா என்றார்.